தேவயானி மாற்றிச் சொன்ன எபிசோடு

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பொறுக்கும் கொட்டகை ஒன்றில் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஆகாயத்தில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருப்பது தெரியும். கொட்டகைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அது அவர்களுடைய குறை. எத்தனையோ கிரகங்களை ஒரே ஒரு பேரரசு வளைத்துப் போட்டிருக்கிறது, மூச்சு விடுகிற காற்றுக்குக்கூட ஜனங்கள் அதனிடம் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது, அதை எதிர்த்து ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இதையெல்லாம் தேவயானிதான் வந்து சொன்னாள்.

மல்லாட்டை பொறுக்குவது கைக்கும் கண்ணுக்கும் உள்ள வேலை. சொத்தை, சுருங்கினது, கல், மண் எல்லாவற்றையும் கை பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டே இருக்கும். காது சும்மாதான் கிடக்கிறது. அந்தச் சும்மா கிடந்த காதுகளைத் தேவயானி குத்தகைக்கு எடுத்த மாதிரி எடுத்துக்கொண்டாள்.

நாற்பதை நெருங்குகிறவள். மயிலத்துக்குப் பக்கத்தில் வீடு. புருஷன் ராம்கி லோடு வேன் ஓட்டுகிறான். கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனை அவன் இவளிடம் தள்ளிவிட்டான். கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினால் திண்டிவனம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே என்று ஏதோ குடும்ப சீரியல் தேடப் போய், விரல் தவறி இந்த ஆகாசத் தொடர் மேல் பட்டுவிட்டது. தமிழில்தான் பேசினார்கள். இதென்ன கண்றாவி என்று அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. அன்றைக்கே அவள் ஆள் மாறிப்போனாள் என்று சொல்லலாம்.

அதில் வருகிறவர்களின் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. அதனால் தேவயானியே எல்லோருக்கும் பெயர் வைத்தாள். கலகக்காரர்களின் தலைவருக்கு நெற்றியிலிருந்து தாடை வரை வெட்டுத் தழும்பு. அவர் தழும்புக்காரர். வேவு பார்க்கப் போகிற சின்னக் கப்பலை ஓட்டுகிற பெண்ணுக்கு ஆண்பிள்ளை போல முடிவெட்டு. அவள் கிராப்புக்காரி. கொட்டகையில் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை கிராப்புக்காரிதான். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் இங்கே இரண்டு பேர் சரியாகச் சாப்பிடவில்லை.

தேவயானியைப் பிடித்து ஆட்டியது சண்டையோ கப்பலோ இல்லை. சீரியலில் கெட்டவள் உள்ளே வரும்போதே ஒரு மியூசிக் போட்டு, இவள் கெட்டவள், வெறுத்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. தழும்புக்காரர் பேரரசின் தானியக் கப்பலைக் கொளுத்தினார். அதைப் பார்த்துக் கைதட்டத் தோன்றியது. அப்புறம் அந்தக் கப்பலில் சமையல்காரர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் இருந்ததைக் காட்டினார்கள். தட்டின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கொட்டகையே இரண்டாகப் பிரிந்தது.

"சமைக்கப் போனவங்க இன்னா தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள் ஆரோக்கியசெல்வி. கேள்வி கேட்பதென்றால் அவளுக்கு உயிர்.

"பேரரசுக்குத்தானே சமைச்சாங்க?" என்றாள் எதிரில் இருந்தவள்.

"பசிச்சா யாருக்கு வேணும்னாலும்தான் சமைப்ப. நீ இன்னா ஆளு பாத்தா சமைப்ப?"

தேவயானி எந்தப் பக்கமும் சேரவில்லை. அவள் ஊரில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்தியிருக்கும் பாரதக் கதையின் கெட்ட ராசாவை முதலில் துடைப்பத்தால் அடிப்பார்கள். பிறகு அதே ராசாவுக்காக மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். சின்ன வயதில் அவள் கேட்டிருக்கிறாள், கெட்டவன்தானே, எதற்கு அழுகிறீர்கள் என்று. யாரும் பதில் சொன்னதில்லை. எங்கேயோ கண்காணாத தேசத்தில் உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதினவனுக்கும் அந்த ஒப்பாரி தெரிந்திருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

அதனால் ஒரு கொள்கை வைத்திருந்தாள். பார்த்ததை ஒரு ஆணி குறையாமல் சொல்ல வேண்டும், தன் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. அந்தக் கொள்கை கெட்டுப்போன கதைதான் இது.

அந்த எபிசோடை அவள் பஸ்ஸில் பார்த்தாள். காற்றுத் தீர்ந்துபோன ஒரு கிரகத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு ஜனங்களை ஒரு ஓட்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, ஒரு நிலாவின் நிழலில் தழும்புக்காரர் ஒளிந்திருக்கிறார். விளக்கு, எஞ்சின் எல்லாம் அணைத்தாகிவிட்டது. பேரரசின் கப்பல்கள் சுற்றிலும் தேடுகின்றன. வேவு பார்க்கப் போன கிராப்புக்காரியின் கப்பல் அடிபட்டுத் தனியாக மிதக்கிறது. அவள் வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறாள். தலைவரே, கேட்குதா, நான் இங்கதான் இருக்கேன், காத்து தீருது. பதில் பேசினால் அந்தச் சத்தத்தை வைத்தே பேரரசு இவர்களைக் கண்டுபிடித்துவிடும். கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் தழும்புக்காரரையே பார்க்கிறார்கள். அவர் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், உட்கார்ந்திருக்கிறார்.

மியூசிக் கிடையாது. அவள் குரலும் மூச்சும் மட்டும். கெஞ்சினாள், திட்டினாள், பிறகு ஊர்க்கதை பேசினாள். கடைசியில், "நீங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பதில் சொல்லாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

தேவயானி இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய், கண்டக்டர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தாள். அழுகை மட்டும் இல்லை அது. மனிதர்களால் இப்படியொன்றைச் செய்து காட்ட முடியுமா என்கிற மலைப்பு. அந்த ஆளை அறையவும் தோன்றியது, அவர் காலில் விழவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்ற வைத்தவன் மனிதன்தானா?

இதை இன்றைக்கு எப்படிச் சொல்லப்போகிறோம் பார் என்கிற அவசரத்தோடுதான் கொட்டகைக்குள் நுழைந்தாள். கோவிந்தம்மாள் தன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் தேவயானிக்கு உறைத்தது.

கோவிந்தம்மாளின் கதை கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். அவள் பிறந்த ஊர் மயிலத்துக்கு அந்தப் பக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரை ஒட்டி ஒரு கல் குவாரி இருந்தது. வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவரெல்லாம் விரிசல், கிணறெல்லாம் வறண்டது. மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் கிருஷ்ணசாமி என்கிறவர் தலைமையில் வயசுப் பசங்கள் ஒரு ராத்திரி குவாரி லாரிகளைக் கொளுத்தினார்கள். ஒரு லாரியில் கிளீனர் படுத்திருந்தது யாருக்கும் தெரியாது. அவன் காலிரண்டும் வெந்துபோனது. குவாரிக்காரனின் ஆட்கள் டார்ச்சும் தடியுமாகத் தேடி அலைந்தார்கள். ஓடின கூட்டத்தில் கோவிந்தம்மாளின் அண்ணன் ஜெகதீசன் இருட்டில் குவாரிப் பள்ளத்தில் விழுந்தான். விடிந்த பிறகுதான் கிடைத்தான். உடனே உயிர் போகவில்லை, ரொம்ப நேரம் கிடந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னார்.

கூட இருந்தவர்களுக்கு அவன் குரல் கேட்டதா? அதுதான் கேள்வி. நாங்கள் அப்போதே வானூர்ப் பக்கம் போய்விட்டோம் என்றார்கள் அவர்கள். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். பிறகு கேஸ் நடந்து குவாரியை மூடினார்கள், பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது, இன்றைக்குச் சுற்று வட்டாரக் கிணறெல்லாம் அதனால் ஊறுகிறது. கிருஷ்ணசாமி எந்தக் கட்சிக்கும் போகவில்லை, பதவிக்கும் போகவில்லை. கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்தார். கோவிந்தம்மாள் பிறந்த ஊருக்குப் போக அங்கேதான் பஸ் மாற வேண்டும். இத்தனை வருஷமாக அந்தக் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

தேவயானி கதையைத் தொடங்கிவிட்டாள். நடுவில் நிறுத்தினால் விடமாட்டார்கள். கிராப்புக்காரி கூப்பிடுகிற இடம் வந்தது. கோவிந்தம்மாளின் கை மல்லாட்டைக் குவியலுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் தேவயானியின் நாக்கு தானாகத் திரும்பியது.

"உடனே பதில் சொன்னாரு. வர்றோம்மா, பயப்படாதன்னாரு. ஆளுங்க ஜல்தியா கிளம்பிப் போனாங்க. போறதுக்குள்ள லேட்டாயிடுச்சு."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஆரோக்கியசெல்வி மட்டும் விடவில்லை. "பேசினா பேரரசுக்குத் தெரிஞ்சிடும்னு சொன்னியே?"

"அன்னிக்கு அவங்க மிஷினு ரிப்பேரு" என்றாள் தேவயானி.

இதைவிட மட்டமான பொய்யை அந்தத் தொடரில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பெரிய மனிதனாக இருந்த தழும்புக்காரரை ஒரு நொடியில் சாதாரண நல்லவராக்கிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல்.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது கோவிந்தம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"அப்போ, போயிருக்காங்க. இல்ல?"

"ஆமாக்கா."

"லேட்டாயிடுச்சு. அவ்ளோதான்."

"அவ்ளோதான்க்கா."

கோவிந்தம்மாள் முகத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவிக்கொண்டு போனாள். பொய் சொன்னால் என்ன, ஒருத்திக்கு நிம்மதி என்று தேவயானி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் கோவிந்தம்மாளின் மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம் முடிவாகும் வரைதான் நின்றது. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து அழைத்து வந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். மாமன் இல்லை. பங்காளி முறையில் யாராவது நிற்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கோவிந்தம்மாள் ஒரு மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"கிருஷ்ணசாமி அண்ணனதான் கூப்புடப் போறேன்."

கொட்டகையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரும் எங்க அண்ணனும் ஒரே தட்டுல சாப்ட்டவங்க. நான்தான் இத்தினி வருஷமா தப்பா நெனச்சிக்கினு இருந்துட்டேன். கூப்புடற சத்தம் கேட்டா எந்த மனுஷனால சும்மா இருக்க முடியும்? அந்தத் தழும்புக்காரரே போனாரே. இவரும் போயிருப்பாரு, லேட்டாயிருக்கும்." தேவயானி பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழம நீயும் கூட வா. எனக்குத் தனியா போக ஒரு மாதிரியா இருக்குது."

தேவயானி தன் சோற்று டப்பாவை மூடிவைத்தாள். தான் இட்டுக்கட்டின நாலு வார்த்தையை நம்பி ஒருத்தி தன் அண்ணன் இடத்தைத் தூக்கி ஒரு மனிதருக்குக் கொடுக்கப் போகிறாள். அவர் போனாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? போகாதவராக இருந்தால்? அந்தக் கை பானுப்ரியாவின் நெற்றியில் பட்டம் கட்டலாமா? சொல்லிவிட்டால் கோவிந்தம்மாளுக்கு இப்போதுதான் வந்த நிம்மதி போகும். சொல்லாவிட்டால் அந்தக் கல்யாணமே தன் பொய்யின் மேல் நடக்கும். ராம்கியிடம் கேட்டாள். "படத்துல வர்றதுக்கெல்லாமா பேஜாரு பண்ணிக்கினு இருப்ப?" என்றுவிட்டு அவன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் இறங்கினார்கள். கோவிந்தம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கட்டைப்பையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஞ்சர் கடை தெரிந்தது. இந்த முறை அவள் முதுகைக் காட்டவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கத் தேவயானிக்குத் தாங்கவில்லை. கரும்பு ஜூஸ் கடை நிழலுக்கு அவளை இழுத்துப் போனாள்.

"அக்கா, அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன். அவரு பதில் பேசல. யாரையும் அனுப்பல."

கோவிந்தம்மாளுக்கு முதலில் எதைச் சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது.

"நீ யாருடி மாத்தறதுக்கு?"

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன பாத்து பரிதாபப்பட்டு மாத்துனியா?"

"ஆமாக்கா."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கோவிந்தம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சரி. இப்போ ஒழுங்கா சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

தேவயானி சொன்னாள். பஸ்ஸில் பார்த்தபடியே, மியூசிக் இல்லாததையும் விடாமல், அவர் முகத்தை, அந்தப் பெண்ணின் மூச்சை, பதில் சொல்லாதீங்க என்றதை எல்லாம் சொன்னாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் சொன்னதில்லை. கோவிந்தம்மாள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கப்பல்ல இருந்த புள்ளைங்க தப்பிச்சுதுங்களா?"

"தப்பிச்சுதுங்கக்கா. எல்லாம்."

கோவிந்தம்மாள் எழுந்தாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்குத்தான் என்று தேவயானி நினைத்தாள். அவள் ரோட்டைத் தாண்டி நேரே கடைக்கு நடந்தாள்.

கிருஷ்ணசாமி ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, எங்கே காற்று முட்டை விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவருக்கு ஆள் உடனே தெரிந்துவிட்டது. "வாம்மா" என்றார். டயர் மேல் ஒரு பலகையைப் போட்டார். கோவிந்தம்மாள் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு கதை சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். தேவயானி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒரு ஏற்ற இறக்கம் இல்லை, கை அசைக்கவில்லை. சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொன்னாள். இருட்டில் ஒளிந்திருந்த கப்பல், உள்ளே இருந்த பிள்ளைகள், வெளியே தனியாகக் கூப்பிட்ட பெண், உட்கார்ந்தே இருந்த தலைவர். கிருஷ்ணசாமியின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. டியூபிலிருந்து முட்டை முட்டையாக வந்துகொண்டிருந்தது. அவர் அந்த இடத்தில் அடையாளம் வைக்கவில்லை.

"கடைசியா அந்தப் பொண்ணே சொல்லிச்சாம், நீங்க பதில் சொல்லாதீங்கன்னு."

கிருஷ்ணசாமி அந்த முட்டைகளையே பார்த்தார்.

"அவன் அப்படிச் சொல்லலம்மா" என்றார்.

கோவிந்தம்மாள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க வானூர்ப் பக்கம் போகல. முந்திரித் தோப்புலதான் இருந்தோம். என் பேரச் சொல்லிதான் கூப்புட்டுக்கினே இருந்தான். எங்கூட இருந்ததெல்லாம் மீசை மொளைக்காத பசங்க. சுத்தி டார்ச் அடிச்சிக்கினு நிக்கிறானுங்க. வாயத் தொறந்தா ஒருத்தன்கூட மிஞ்ச மாட்டான். ஒரு பையன் எழுந்தான் போறதுக்கு. அவன் வாயப் பொத்தி நான்தான் படுக்க வெச்சேன்." மூச்சு வாங்கினார். "அந்த கிளீனர் காலு போனதும் என்னாலதான். அன்னிக்கு செஞ்சது சரியா தப்பான்னு கேட்டா, எனக்குத் தெரியலம்மா. இன்னிக்கும் தெரியல."

"இந்த வழியாதானே இத்தினி வருஷமா போறேன், வர்றேன். ஒரு நாள் கூப்ட்டு சொல்லியிருக்கலாம்" என்றாள் கோவிந்தம்மாள். முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கிருஷ்ணசாமி தண்ணீரிலிருந்து கையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்தார். தேவயானியும் அழுதாள். எல்லாம் தன்னால்தான் என்று நினைத்தாள். தன்னால்தான் இதாவது நடந்தது என்றும் நினைத்தாள்.

கோவிந்தம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் திறந்தாள். தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பானுவுக்குக் கல்யாணம். மாமனா வந்து நீங்கதான் பட்டம் கட்டணும்."

அவர் பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அங்க வந்து நிப்பேன்?"

"நிக்கறது கஷ்டமாதான் இருக்கும். அதுக்குத்தான் கூப்புடறேன். அவன் இருந்தா அவன் செய்வான். அவன் இல்லாததுக்கு நீங்கதான் காரணம், அப்போ நீங்கதான் செய்யணும். ஊரே பாக்க என் பொண்ணு கையப் புடிச்சி கூட்டிக்கினு வந்து உக்கார வையுங்க." தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். "இப்போ நான் கூப்புடறேன். கேக்குதா உங்களுக்கு?"

எத்தனையோ கிரகங்களைப் படைத்தவர்கள்கூட கிராப்புக்காரியின் அந்தக் கேள்வியைத் தழும்புக்காரரிடம் இன்னொரு தடவை யாரையும் கேட்க விடவில்லை. மன்னிப்பா இது, தண்டனையா என்று தேவயானியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கிருஷ்ணசாமி லுங்கியில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"கேக்குதும்மா," என்றார். "வர்றேன்."